நாலாம் வளைவு

ஸ்பீக்கரில் பீப் அடிக்க இன்னும் பத்து விநாடிகூட இல்லை, அதற்குள், பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து மனசுக்குச் சொல்லி வைத்திருந்த இடத்தைத் திருமூர்த்தியின் கண் பார்த்துவிட்டது. நாலாம் வளைவு. சிவப்புப் பெயிண்டில் 4 என்று எழுதிய பழைய ஆயில் டின், டின்னுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு அண்ணன் மயில்சாமி. நிற்கிற நிலையைத்தான் பாரேன், ஒரு காலை முன்னால் வைத்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, விழப்போகிற வண்டிக்காகவே பிறந்து வந்தவன் மாதிரி. மற்ற வளைவுகளில் நிற்கிறவர்கள் போனைப் பார்க்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், பக்கத்து ஆளோடு கதை பேசுகிறார்கள். இவன் மட்டும் ரேஸ் தொடங்குவதற்கு முன்னாலேயே குனிந்தாயிற்று. இந்த ரிமோட் கார் கிளப்பில் அப்படி ஒரு வழக்கம். ஒரு ரேஸ் ஓட்டி முடித்தவர்கள் ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த ரேஸுக்கு டிராக்குக்குள் இறங்கி, ஆளுக்கொரு வளைவில் நின்று, கவிழ்கிற வண்டியை நிமிர்த்திவிட வேண்டும், மார்ஷல் என்று அதற்குப் பேர். எந்த நம்பர் வண்டி ஓட்டினாயோ அந்த நம்பர் டின்தான் உன் இடம், பேசி மாற்றிக்கொள்ள முடியாது. முதல் பரிசு வாங்கினவனும் சரி, கடைசியில் வந்தவனும் சரி, ஊரான் வண்டியைத் தூக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். அண்ணன் பி ஃபைனலில் நாலாம் நம்பர். திருமூர்த்தி ஏ ஃபைனலில் ஏழு. ஆக, இந்த ஐந்து நிமிஷத்தில் நாலாம் வளைவில் அவன் வண்டி கவிழ்ந்தால், வந்து குனிந்து எடுக்கப்போவது பதினாலு மாசமாக அவனோடு ஒரு வார்த்தை பேசாத கை. அந்தக் கை தன் வண்டியைத் தொடக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை. கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்தக் கையைப் பார்க்கிற முகம் தனக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம், அதற்காகத்தான் ஆறு மாசமாக இந்தப் பயிற்சி. பீப் அடித்தது.

பத்து வண்டியும் ஒன்றாகச் சீறிக்கொண்டு நேர்ப்பாதையில் பாய்ந்தன. முழங்கை நீளம்கூட இல்லாத வண்டிகள், கிளம்பினால் கண் பிடிக்க முடியாது. இரும்புப் பைப்பில் போட்ட மேடையின் மேல் பத்துப் பேரும் தோளோடு தோள் இடிக்க நின்று, ரிமோட்டை வயிற்றோடு வைத்துக்கொண்டு, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூலூர் தாண்டி ஒரு தறிக்கூடம் இடித்த காலி இடம் இது, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, வெயில் பிடரியில் ஏறிவிட்டது. முதல் வளைவு, வலப்பக்கம், உள்ளே புகுவதற்கு முன்னாலேயே விரலைத் தளர்த்து. தளர்த்தினான். முன்னால் போன மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மண்ணைக் கிளப்பினார்கள், அவன் சுற்றிக்கொண்டு உள்பக்கமாக வந்தான், சத்தமில்லாமல் நாலாவது இடம். நல்லது, அவசரப்படாதே. அவசரம்தான் உன் வியாதி. மோட்டார் காயில் கட்டுகிற கை இது, ஒரு நாளைக்கு நாலு மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கை, எதையும் முழுசாக அழுத்தி இழுத்துத்தான் பழக்கம். ரிமோட்டின் ட்ரிகரையும் அப்படித்தான் இழுப்பான், ஒன்று கடைசிவரைக்கும், இல்லாவிட்டால் சும்மா. அதை உடைப்பதற்கு என்ன பாடு. கடையில், மோட்டார் ஸ்லாட்டுக்குள் கம்பி நகராமல் இருக்க அடிக்கிற மூங்கில் ஆப்பு கிடக்குமே, அதில் ஒரு துண்டு நறுக்கி ட்ரிகருக்குப் பின்னால் ஒட்டினான், முக்கால் பங்குக்கு மேல் இழுக்க முடியாத மாதிரி. இரண்டு மாசம் அந்த ஆப்போடுதான் ஓட்டினான். வேகம் குறைந்தது, ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகிற நேரமும் குறைந்தது, அது எப்படி என்று இன்றைக்கும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆப்பைப் பிடுங்கி நாலு மாசம் ஆகிறது, விரல் மட்டும் இன்னும் அங்கேயே போய் நிற்கிறது. இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு, அதோ, வண்டி திரும்பி மேடையைப் பார்த்து வர ஆரம்பித்தது.

இங்கேதான் எல்லோருக்கும் புத்தி கலங்கும். வண்டி நம்மை விட்டுப் போகிறவரைக்கும் இடது என்றால் இடது. நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும், ரிமோட்டை இடப்பக்கம் திருப்பினால் வண்டி நம் வலப்பக்கம் போகும். முதலில் ஒரு மண்மேடு, வண்டி தாவி இறங்கும், இறங்கின கையோடு நாலாம் வளைவு, இடது. தாவுகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே எது இடது என்று யோசித்தாயானால் தொலைந்தாய். யோசிக்கக் கூடாது, வண்டிக்குள்ளே போய் உட்கார்ந்துக்க, மேடையில நிக்காத, என்று அண்ணன்தான் முதன்முதலில் சொன்னான். ஏழு வருஷம் இருக்கும், இரண்டு பேரும் கூட்டாக ஒரே ஒரு வண்டி வாங்கி, மில் மைதானத்தில் பேட்டரி தீரத் தீர மாற்றி மாற்றி ஓட்டின காலம். கண்ணு வண்டி மேல இருக்கக் கூடாது, வண்டி போகப்போற இடத்துல இருக்கணும் என்பான். இவன் கேட்டால்தானே. அண்ணனுக்கு வேகம் வராது, எப்போதும் பி ஃபைனல், சில சமயம் சி, அவன் சொல்லி நாம் கேட்பதா என்று ஒரு இளக்காரம். ஆனால் அண்ணன் வண்டி கவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை. இந்த ஆறு மாசமாகத் திருமூர்த்தி படித்ததெல்லாம் என்ன, புதுசாக என்ன இருக்கிறது அதில், அண்ணன் சும்மா டீ குடிக்கும்போது சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கற்றுக்கொண்டான், அண்ணன் தேவைப்படாமல் இருப்பதற்காக. மொட்டை மாடியில் நாலு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, தன்னைப் பார்த்து வருகிற பக்கத்தை மட்டும் ஓட்டுவான். ஒரு பேட்டரி முழுக்க டம்ளர் சாயாமல் ஓட்ட வேண்டும், ஒன்று சாய்ந்தாலும் முதலிலிருந்து. பெண்டாட்டி வசந்தாமணி துணி காயப்போட வந்தவள் ஒருநாள் ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். கூடப் பொறந்தவனோடு சண்டை என்றால் போய் ரெண்டு வார்த்தை பேசினால் தீர்ந்தது, அதை விட்டுவிட்டு டம்ளரைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டுகிற ஆம்பளையை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போய்விட்டாள். தாவி இறங்கியது. இடது. உள்ளே போய் உட்கார். திரும்பியது, சுத்தமாக, ஒரு சக்கரம்கூடத் தூக்கவில்லை. அண்ணனின் செருப்புக் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. முதல் சுற்று முடிந்ததும் ஸ்பீக்கர் நேரத்தைச் சொன்னது, இருபத்தொன்பது விநாடி.

அந்தச் செருப்புக் காலை எதற்குப் பார்த்தாய்? கண் வண்டி போகிற இடத்தில் இருக்கணும் என்றால் செருப்பு எப்படித் தெரிந்தது? இரண்டாம் சுற்று, நேர்ப்பாதை, யோசிக்கலாம், இங்கே மூன்று விநாடி யோசிக்க இடம் உண்டு. அண்ணன் ரப்பர் செருப்புதான் போடுவான், மில்லில் ஃபிட்டர், ஷூ வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டான். போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போது அண்ணனுக்கு ஆறாம் வளைவு விழுந்திருந்தது. பேச்சு நின்று எட்டு மாசத்தில் அதுவரைக்கும் ஒரு தடவைகூட அண்ணன் நின்ற வளைவில் இவன் வண்டி விழுந்ததில்லை, அன்றைக்கு விழுந்தது. ரப்பர் செருப்பு ஓடி வந்தது. குனிந்தான், நிமிர்த்தினான், மேடையை அண்ணாந்து பார்க்கவில்லை, கீழே வைப்பதற்கு முன்னால் முன்சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் ஒரு தடவை வழித்துவிட்டான். யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், அது ஒரு விநாடி வீண், தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். மண்ணை வழித்துவிட்டு வண்டி போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாக வைத்தான். குளிப்பாட்டிவிட்ட குழந்தையை இறக்கிவிடுகிற மாதிரி வைத்தான். திட்டியிருக்கலாம். கவிழ்ந்தபடியே கிடக்கட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம், நியாயம்தான் அது. அந்தக் கட்டைவிரலைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாள் கடையில் ஆப்பை நறுக்கினான். மூன்றாம் சுற்று. முன்னால் போன பச்சை வண்டி முதல் வளைவிலேயே புரண்டது, மூன்றாவது இடம்.

எட்டு மாசமும் ஆறு மாசமும் பதினாலு. அதற்கு முன்னால் அம்மா போய் மூன்று மாசம். கணக்கு எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது. அம்மா போன பிறகு ரிமோட்டைத் தொட மனசில்லாமல் கிடந்தவனை அண்ணன்தான் வந்து கூப்பிட்டான், வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுப்போகும், வா என்று. வந்தான், ஓட்டினான், அன்றைக்கென்று முதலிடத்தில் ஓட்டினான். மூன்றாம் வளைவில் ஓசூர்க்காரன் ஒருத்தன் வண்டி கவிழ்ந்தது, அடுத்த நொடி இவனுடையதும் கவிழ்ந்தது, நின்றது அண்ணன். முதலில் விழுந்ததை முதலில் எடுக்கணும், அதுதான் சட்டம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் ஓசூர்க்காரனுடையதை எடுத்தான், பிறகு இவனுடையதை எடுத்தான். இரண்டு விநாடி. இரண்டு விநாடியில் பரிசு போயிற்று, போனால் போகிறது, தகர டம்ளர் அளவுக்கு ஒரு கப். மேடையை விட்டு இறங்கி, நாற்பது பேர் நிற்கிற இடத்தில், வண்டி துடைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நின்று அண்ணனைப் பார்த்துச் சொன்னான். பிறந்ததிலிருந்து வாங்க போங்க என்றே கூப்பிட்டுப் பழகின வாய், அன்றைக்கு அதுவும் போயிற்று.

"ரோட்டுல விழுந்தவன் எவனா இருந்தாலும் ஓடிப்போய்த் தூக்குவ. பெத்தவள மட்டும் உனக்குத் தூக்கத் தெரியாது."

அண்ணன் வண்டியைப் பெட்டியில் வைத்தான், பெட்டியை மூடினான், பைக்கில் கட்டிக்கொண்டு போனான். அவ்வளவுதான், பேச்சு அதோடு நின்றது. நாற்பது பேரில் ஒருத்தருக்கும் விளங்கியிருக்காது, அண்ணனுக்கு மட்டும் விளங்கும். இப்போது மண்மேடு, தாவல், இடது, உள்ளே உட்கார், திரும்பியது. சுத்தம். நாலு சுற்று ஆயிற்று. இருபத்தெட்டரை. முன்னால் இரண்டே வண்டி, அதில் முதல் வண்டி மஞ்சள், போத்தனூர் நவ்ஷாத்துடையது, மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், கை அவ்வளவு மென்மை. அவனைப் பிடிக்க முடியுமா? பிடிக்க வேண்டாம், பிடிப்பது முக்கியம் இல்லை, இன்னும் ஆறு சுற்று நாலாம் வளைவைத் தாண்டினால் போதும், வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்னலாம்.

அம்மா குளியலறையில் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திருமூர்த்தி வீட்டில்தான் அம்மா இருந்தது, வசந்தாமணி பொள்ளாச்சியில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்காதான் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தது, அதுவும் வயசானது, தூக்க முடியவில்லை, போன் பண்ணியது. அண்ணனுக்குப் போன் போயிற்று. மில்லிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் வர வேண்டியவன் வழியில் மொபெட்டோடு விழுந்து கிடந்த ஒரு பால்காரரைப் பார்த்து வண்டியை நிறுத்தினான், ரத்தம் நிற்கவில்லை, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், ஆட்டோவில் ஏற்றி மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தான். நாற்பது நிமிஷம். அதற்குள் திருமூர்த்தியே வந்து அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டான். அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது சட்டை முழுக்க இன்னொருத்தர் ரத்தம். இரண்டு நாள் கழித்து அம்மா போயிற்று. மூளைக்குள் ரத்தக் கசிவு, விழுந்த நிமிஷத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது, பக்கத்திலேயே ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். யார் கையை? திருமூர்த்தியின் கையைத்தான். அது தெரிந்தும்தானே வண்டி துடைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நின்று அந்த வாய் அப்படிப் பேசியது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பால்காரர் கையில் கட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அண்ணன் காலைத் தொடக் குனிந்தார், அண்ணன் பதறிப்போய் விலகினான். அதையும் பார்த்துக்கொண்டுதானே நின்றாய். ஆறாம் சுற்று. எங்கே வண்டி? இதோ, மூன்றாம் வளைவு, நல்லவேளை, விரல் அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. முன்னால் போன வெள்ளை வண்டிக்கு என்ன ஆயிற்று, ஓரமாக நிற்கிறது, பின்சக்கரம் கழன்றுவிட்டது. அப்படியானால் இரண்டாவது இடம். மேடு, தாவல், இடது. அண்ணன் முட்டியிலிருந்து கையை எடுத்து ஒரு அடி முன்னால் வந்து, வண்டி தாண்டினதும் திரும்பிப் போய் நின்றான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் அப்படித்தான் செய்கிறானா? மற்ற வண்டி வரும்போதும் செய்கிறானா, என் வண்டிக்கு மட்டுமா? பார்க்காதே. ஏழாம் சுற்று. நேர்ப்பாதையில் மஞ்சள் வண்டி இரண்டு வண்டி நீளம்தான் முன்னால் போகிறது, பக்கத்தில் நிற்கிற நவ்ஷாத் மூச்சு வாங்குவது காதில் கேட்கிறது, நாம் நெருங்க நெருங்க அவனுக்கு நடுக்கம். மற்ற வண்டி வந்தபோது அண்ணன் அசையவில்லை. என் வண்டிக்கு மட்டும்தான். விழுவான் என்று எதிர்பார்க்கிறானா? இல்லை, விழுந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறான், அம்மா அப்படித்தான் வாசல்படி இறங்கும்போது ஒரு கையை நீட்டிக்கொண்டே பின்னால் வரும். அம்மாவை நினைக்காதே. எட்டாம் சுற்று. அம்மாவை நினைத்தால் போன் வரும். போனை நினைக்கக் கூடாது என்றுதான் அண்ணனை நினைக்கிறாய், அண்ணனை நினைக்கக் கூடாது என்றுதான் வண்டி ஓட்டுகிறாய், பதினேழு மாசமாக இதுதானே உன் பிழைப்பு. அண்ணனுக்குப் போன் போயிற்று, போயிற்று என்று மனசுக்குள்ளேயே எத்தனை தடவைதான் சொல்லிக்கொள்வாய். யார் போட்டது அந்தப் போன்? நீ போட்டது. தங்கமணி அக்கா முதலில் யாருக்குப் போட்டது? அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கடையில் கரண்ட் இல்லை, சும்மா இருப்பானேன் என்று ஷட்டரை இறக்கிவிட்டு இங்கே வந்திருந்தாய், இதே மேடை, இதே இடம், ஒருத்தருமில்லாத டிராக்கில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாய். காலடியில் கிடந்த பைக்குள் போன் அடித்தது. கேட்டது. கேட்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள், ஆனால் கேட்டது. அதுவரைக்கும் இல்லாத நல்ல சுற்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பேட்டரி முடியட்டும் என்று இருந்தாய். நின்றது. மறுபடியும் அடித்தது. முடியட்டும். மூன்றாம் தடவை அடித்து ஓய்ந்த பிறகும் வண்டி ஓடியது, பேட்டரி தீர்ந்து வண்டி தானாக நின்ற பிறகுதான் குனிந்து பையைத் திறந்தாய். ஐந்து நிமிஷம். டாக்டர் சொன்னபடி பார்த்தால் அந்த ஐந்து நிமிஷத்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அண்ணனின் நாற்பது நிமிஷத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அம்மா ஈரத்தரையில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது என்று தங்கமணி அக்கா சொன்னதே. யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டுதானே கிடந்திருக்கும். அண்ணன் நாற்பது நிமிஷம் ஒரு உயிரை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நீ ரிமோட்டை வைத்துக்கொண்டிருந்தாய். அதைச் சொல்ல முடியாமல்தான் அவனைச் சொன்னாய், பாவி.

ஒன்பதாம் சுற்று. ஸ்பீக்கர் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு என்றது. மஞ்சள் வண்டிக்கும் இவனுடைய சிவப்பு வண்டிக்கும் நடுவில் இப்போது ஒரு வண்டி நீளம்கூட இல்லை. முதல் வளைவு, இரண்டு, மூன்று, நவ்ஷாத் பயந்துபோய் மேட்டில் வேகமாக ஏற்றிவிட்டான், மஞ்சள் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு தாவி, நாலாம் வளைவில் இறங்கும்போது பக்கவாட்டில் விழுந்து, ஒரு புரள் புரண்டு மல்லாந்தது. பின்னால் வருகிறவன் என்ன செய்யணும்? கண் வண்டி போகப்போகிற இடத்தில் இருந்திருந்தால் மேட்டுக்கு முன்னாலேயே விரலைத் தளர்த்தியிருப்பான், வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போயிருப்பான், ஆறு மாசம் படித்தது அதைத்தானே. ஆனால் கண் அண்ணன் முகத்தில் இருந்தது. சிவப்பு வண்டி தாவியது, மல்லாந்து கிடந்த மஞ்சள் வண்டியின் மேல் நேராக இறங்கியது, இரண்டு தரம் குட்டிக்கரணம் போட்டு அதைத் தாண்டி ஒரு கஜத்தில் போய் அதுவும் மல்லாந்தது. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றின. நவ்ஷாத் தொண்டை கிழிய மார்ஷல் மார்ஷல் என்று கத்தினான். திருமூர்த்திக்குக் குரல் வரவில்லை. ரப்பர் செருப்பு ஓடி வந்தது. மஞ்சள் வண்டி அண்ணன் காலடியிலேயே கிடந்தது, குனிந்தால் போதும். அண்ணன் ஒரு நொடி நின்றான், அதைப் பார்த்தான். பிறகு அதைத் தாண்டிக் காலை வைத்து வந்து சிவப்பு வண்டியை எடுத்தான்.

மேடையில் நின்றிருந்தவர்களில் யாரோ இது என்ன நியாயம் என்று முணுமுணுத்தார்கள். கட்டைவிரல் முன்சக்கரத்து மண்ணை வழித்தது, வண்டி போக வேண்டிய திசையைப் பார்த்துக் கீழே வந்து உட்கார்ந்தது. இழு. விரலை இழு. இழுத்தால் முதலிடம், இன்னும் ஒரு சுற்று, கவிழாமல் ஓட்டத் தெரியும் உனக்கு. திருமூர்த்தி இழுக்கவில்லை. ரோட்டில் எவனோ ஒருத்தனுக்காகப் பெற்ற தாயிடம் போகிற வண்டியை நிறுத்தினவன், ஓசூர்க்காரனுக்காகத் தம்பியைக் காக்க வைத்தவன், கீழே கிடக்கிற ஒன்றைத் தாண்டிக் கால் வைத்து வந்தான். நாற்பத்தேழு வயசு வரைக்கும் யார் சொன்னாலும் செய்யாத ஒன்றைச் செய்தான். யார் செய்ய வைத்தது? வாய் நிறைய அன்றைக்குப் பேசினது போதாதா? அண்ணன் இன்னும் நிமிரவில்லை, வண்டி ஏன் போகவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டு குனிந்திருந்தான், உடைந்துவிட்டதோ என்று மறுபடியும் கையை நீட்டினான். அப்போதுதான் திருமூர்த்திக்குக் குரல் வந்தது. இந்தக் குரலில் அண்ணனைக் கூப்பிட்டுப் பதினாலு மாசம் ஆகிறது.

"அத எடுங்ணா. அதுதானே முதல்ல விழுந்துச்சு."

அண்ணன் அண்ணாந்து பார்த்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடையில் பத்துப் பேருக்கு நடுவில் தம்பியைத் தேடிப் பார்த்தான். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் போய் மஞ்சள் வண்டியை நிமிர்த்தி வைத்தான். நவ்ஷாத்தின் வண்டி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஓடியது. பின்னால் வந்த வண்டிகளும் ஒன்றொன்றாகத் தாண்டிப் போயின. சிவப்பு வண்டி நாலாம் வளைவின் உள்பக்கம் அண்ணன் காலடியில் அப்படியே நின்றது. ஸ்பீக்கர் நேரம் முடிந்தது என்று சொன்னது, யார் யார் எத்தனாவது என்று சொன்னது, ஏழாம் நம்பர் ஒன்பதாவது என்று சொன்னது. நவ்ஷாத் தோளில் தட்டி என்னமோ கேட்டான், வண்டிக்கு என்ன ஆச்சுங்ணா என்று இருக்கும். திருமூர்த்தி ரிமோட்டை மேடைக் கம்பியின் மேல் வைத்தான். ரேஸ் முடிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அவன் படி இறங்கி, மூங்கில் தடுப்பைத் தாண்டி, டிராக்குக்குள் நடந்தான். கை காலியாக இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலில் மன்னித்துக்கொள்ளச் சொல்லலாமா, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்ல வேண்டியது அதற்கும் முன்னால் ஒன்று கிடக்கிறதே, முதலில் விழுந்தது அதுதானே. அண்ணன் சிவப்பு வண்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். மேல்சட்டையெல்லாம் புழுதி. பக்கத்தில் பார்த்தால் மீசையில் நரை கூடியிருந்தது, பதினாலு மாசத்தில் எவ்வளவு கூடிவிட்டது.

"அன்னைக்கு முதல்ல எனக்குத்தான் போன் வந்துச்சுங்ணா. மூணு தடவை அடிச்சுது. இங்கதான் ஓட்டிட்டு இருந்தேன். கேட்டுட்டே எடுக்காம இருந்துட்டேன்."

அழுகை வந்தது, நாற்பத்தொரு வயசு ஆம்பளை, டிராக்குக்கு நடுவில், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நின்றான். அண்ணன் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்சக்கரத்திலும் மண் ஒட்டியிருந்தது, அதையும் கட்டைவிரலால் வழித்துவிட்டான்.

"தெரியும்டா. தங்கமணியக்கா அன்னைக்கே சொல்லுச்சு."

வண்டியை அவன் கையில் கொடுத்தான்.